ஐந்து அடிக்குப் பின்

ஓசூரில் ராப் பாடிய முதல் ஆள் நான்தான் என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். மறுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். பெங்களூர் நடைபாதையில் வாங்கிய ஒரே ஒரு கேசட்தான் என் சங்கீதப் படிப்பு. அதில் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் பாடவில்லை, தாளத்துக்குப் பேசினார்கள். ஒரு வரிகூடப் புரியவில்லை. கோபம் மட்டும் புரிந்தது. என்னிடமும் அது ஏராளமாக இருந்தது.

அப்போது தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் எலக்ட்ரீஷியன். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து வண்டிகளுக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் செய்யும் இடம். மூன்றாவது மிஷினை ஓட்டியவன் கெலமங்கலத்துக்காரன். என் வயதுதான், எனக்கிருந்த ஒரே நண்பன். பெடலை மிதித்து ஐந்து அடி அடிப்பான். பிறகு ஒரு அடி நேரம் நிறுத்தி, துண்டு ஏதும் சிக்கியிருக்கிறதா என்று குச்சியால் அச்சைத் தட்டிப் பார்ப்பான். மறுபடி ஐந்து அடி. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவனே பிடித்துக்கொண்ட பழக்கம்.

என் பாட்டெல்லாம் அந்தத் தாளத்தில்தான் பிறந்தது. ஐந்து அடிக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று வாயில் வந்ததைக் கொட்டுவேன். அவன் நிறுத்தும் இடத்தில் மூச்சு வாங்குவேன். ஆயுத பூஜையன்று மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து முடித்ததும் எங்கள் கச்சேரி நடக்கும். அவன் காலி டின்னைத் தட்டுவான், நான் பாடுவேன். எல்லாரும் பொரியை மென்றுகொண்டே கைதட்டுவார்கள்.

கைதட்டல் சோறு போடாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. வேலையை விட்டு, ஜூஜுவாடியில் ஓர் அறை பிடித்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி தொடங்கினேன். கம்பெனி என்றால் நான், ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு பழைய கம்ப்யூட்டர். நான் செய்தது ஒரு பெட்டி. பிரஸ் அடிப்பதை எண்ணும். மிஷின் சும்மா நின்றால் சிவப்பு விளக்கு எரியும். நின்ற நேரத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். முதல் பெட்டியை என் பழைய முதலாளியிடமே கொண்டுபோனேன்.

"நம்ம ஆளுங்க நல்லாத்தான ஓட்றாங்க. இது எதுக்குப்பா?" என்றார்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். மேஜையில் தாளம் போட்டு என் பாட்டையே இரண்டு வரி பாடிக் காட்டினேன். "கேட்டீங்களா சார்? அஞ்சு அடிக்கு ஒரு அடி சும்மா நிக்குது. நாள் பூரா கூட்டிப் பாருங்க."

விளக்கு எத்தனை நேரத்தில் எரிய வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்தேன். அவன் குச்சியால் தட்டிப் பார்க்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்தேன். எரியாத விளக்கை யார் வாங்குவார்கள்?

முதலாளி வாங்கி மூன்றாவது மிஷினில் மாட்டினார். மறுவாரம் நண்பன் என்னை டீக்கடையில் பிடித்துக்கொண்டான். "மச்சா, உன் லைட்டு என்னையே பாத்து மொறைக்குதுடா. சூப்பர்வைசர் வந்து வந்து நிக்கிறான். நேரத்த கொஞ்சம் கூட்டி வையேன்."

"நாலு கம்பெனிக்காரங்க பாக்க வர்றாங்கடா, இப்ப மாத்தினா நல்லா இருக்காது. ரெண்டு நாள்ல பழகிடும்," என்றேன்.

பழகிக்கொண்டான். குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டான். மூன்றாம் மாதம், சிக்கிய துண்டைப் பெடலில் கால் இருக்கும்போதே கையால் எடுக்கப் போய் வலது கையில் மூன்று விரல்கள் போயின. விபத்து என்று எழுதினார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கும் துணிச்சல் அன்றும் வரவில்லை, இன்றும் இல்லை.

பெட்டிகள் நன்றாக விற்றன. அந்த வருஷ ஆயுத பூஜைக்கு முதலாளி என்னை விருந்தாளியாக அழைத்தார். என் பெட்டிக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். அவனுக்கு வாசல் கேட்டில் காவல் வேலை கொடுத்திருந்தார்கள். உள்ளே வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"எவ்ளோ நாளாச்சு, பாடுடா," என்று டின்னைக் கவிழ்த்து இடது கையால் தட்டத் தொடங்கினான்.

ஐந்து அடி ஆனது. ஆறு, ஏழு, எட்டு. நான் மூச்சு வாங்க இடமே இல்லை. வரி பாதியில் அறுந்தது.

"நிறுத்துற எடத்துல நிறுத்துடா," என்றேன்.

அவன் கை நிற்கவில்லை. "நிறுத்த வர்ல மச்சா," என்றான். "பழகிப்போச்சு."