அண்ணன் தானாகக் கையை நீட்டவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் அண்ணனோடு வேலை செய்தவர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எனக்கு அழகாக எழுத வராது. அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்களில் சிலர் இன்னமும், "அவனே கைய வச்சிக்கிட்டான், கவனமில்ல" என்று பேசுகிறீர்கள். அது பொய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சுத்துக்கேணியில். அப்பா தவறியபோது அவருக்குப் பதினாலு வயது. கரும்பு வெட்டப் போனார். பிறகு வில்லியனூரில் ஒரு பட்டறையில் சேர்ந்து டீசல் என்ஜின் வேலை கற்றுக்கொண்டார். அம்மாவையும் என்னையும் அவர்தான் காப்பாற்றினார். வீட்டில் ஒருநாளும் அதட்டமாட்டார். சோறு வாயில் வைத்ததும், "இன்னாடி, கொழம்புல உப்புக்கு லீவா?" என்பார். அவ்வளவுதான் அவர் கோபம்.

வேலையில் அப்படி இல்லை. ஜெனரேட்டர் புகை கக்கினால், விட்டு விட்டு ஓடினால், எல்லாரும் டீசலைத் தள்ளும் இன்ஜெக்‌ஷன் பம்பைத்தான் குறை சொல்வார்கள். அதன் திருகாணியைத் திருகிக் கெடுத்துவிட்டு அண்ணனைக் கூப்பிடுவார்கள். அப்போது அவருக்கு வாயில் வராத வசவு இல்லை. அவர் முதலில் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைப்பார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் இறங்கிவிடும். பிறகு பில்டர், பிறகு பைப்பில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். பம்பைக் கடைசியில்தான் தொடுவார்.

போன வருஷம் ஒருநாள், அண்ணனைக் கூப்பிட்ட ஒரு அரிசி மில்லில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் திக்கித் திக்கி ஓடியது. அவித்த நெல் குவியலாகக் கிடந்தது. முதலாளி, "பம்பு போச்சுய்யா, கழட்டு" என்றாராம். அண்ணன் பாட்டிலைக் காட்டினார். "பம்பு நல்லாத்தான் இருக்கு மொதலாளி. உங்க ட்ரம்முக்குத்தான் மூடி இல்ல. மழைத்தண்ணிய ஊத்துனா என்ஜின் ஓடுமா?"

ஆட்கள் எதிரில் அப்படிச் சொன்னது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "பெரிய இன்ஜினியரு! எங்க, காட்டு பாப்போம்."

தண்ணீரில் கெட்டுப்போன நாசிலை அண்ணன் கழற்றி, பைப்பிலேயே வெளியே மாட்டினார். என்ஜினைச் சுற்றவிட்டால் அது டீசலை எப்படிப் பீச்சுகிறது என்று தெரியும். எப்போதும் எதிரில் பேப்பரைத்தான் பிடிப்பார். அன்றைக்கும் பேப்பரை மடியில் வைத்திருந்தார். "நான் சொல்ற வரைக்கும் பட்டன தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். முதலாளி அழுத்திவிட்டார்.

டீசல் பீச்சியடித்த அண்ணனின் உள்ளங்கையில் ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. "கொசு கடிச்ச மாதிரி இருக்கு, இதுக்குப்போய் இன்னாய்யா?" என்று சிரித்தாராம் அந்த மனுஷன்.

சாயங்காலம் வந்து அண்ணன் கையைக் காட்டினார். நானும் சிரித்தேன். "இன்னாண்ணா, முள்ளு குத்துன பையன் கணக்கா வந்து நிக்கிற?" என்று கேட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன். விடிந்தபோது கை முழங்கை வரை வீங்கிக் கறுத்திருந்தது. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில், "டீசல் சதைக்குள்ள போயிருக்கும்மா, நேத்தே வந்திருக்கணும்" என்றார்கள். கையை எடுத்தார்கள். ஆறாம் நாள் அண்ணனே போய்விட்டார்.

என்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியாது. அண்ணன் தொடாதீங்க என்றது பட்டனை அழுத்தியவருக்குத் தெரியும்.

கருமாதிக்கு அவர் பெரிய மாலையோடு வந்தார். "பாவம், அவசரப்பட்டு கைய நீட்டிட்டான்" என்றார். உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் தலையை ஆட்டினீர்கள். அந்த மில்லில் நெல் துழாவும் கனகம் அக்கா மட்டும் எழுந்து நின்றார். "மொதலாளி, நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். அவரு வேணாம்னாரு, நீங்கதான் அமுக்குனீங்க."

முதலாளி மாலையை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அக்காவுக்கு அங்கே வேலை இல்லை. இப்போது வெயிலில் களை பறிக்கப் போகிறார்.

டீசல் வேலை செய்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். டீசல் தோலுக்குள் ஏறினால் முதலில் வலிக்காது. மஞ்சள் போடாதீர்கள். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியில் நன்றி எழுத வேண்டும் என்று அச்சாபீசில் சொன்னார்கள். பாடை கட்டியவர்களுக்கும் சோறு போட்டவர்களுக்கும் அம்மா நேரில் சொல்லிவிட்டார். என் நன்றி கனகம் அக்காவுக்கு. தலையாட்டியவர்கள் இந்தப் பக்கத்தில் தங்கள் பெயரைத் தேட வேண்டாம்.

— தங்கை