மூக்கால் வந்த கூழ்

போன வாரம் விழுப்புரத்தில் பல் பிடுங்கிக்கொள்ளப் போனேன். மேல் கடைவாய்ப்பல். என் மகள் வயது டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டி, "வேர் சைனஸை ஒட்டியே இருக்கு சார், பொறுமையாத்தான் எடுக்கணும்" என்றார். நல்ல பெண். ஆனால் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை.

மேல்தாடை எலும்பு என்றால் பல் நட்ட கட்டை என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அதே எலும்புதான் மேலே கண்ணுக்குத் தரை, பக்கத்தில் மூக்குக்குச் சுவர், கீழே வாய்க்குக் கூரை. நடுவில் காற்று நிறைந்த வெற்று அறை, அதுதான் சைனஸ். அதன் வாசல் மூக்குக்குள் திறக்கிறது. சிலருக்கு அந்த அறைக்கும் பல்வேருக்கும் இடையே அப்பளம் மாதிரி மெல்லிசான எலும்புதான் இருக்கும். அது உடைந்தால் வாய்க்கும் மூக்குக்கும் வழி விழுந்துவிடும். இது நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. திண்டிவனத்தில் ஒரு பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தபோது தெரிந்தது.

அப்போதெல்லாம் ஃபிலிமை இருட்டறையில் கழுவ வேண்டும். அதற்கான ஹைப்போ கரைசலின் புளித்த நாற்றம் சோப்புப் போட்டாலும் கையைவிட்டுப் போகாது. கல்யாணமான புதிதில் என் மனைவி நான் பிசைந்த சோற்றை வாங்கமாட்டாள். கழுவி எடுக்கக் கால் மணி நேரமாகும். எங்கள் டாக்டருக்கு அந்தக் கால் மணி நேரம் கிடையாது. சாயங்காலம் விழுப்புரத்தில் அவருக்கு இன்னொரு கிளினிக். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

மயிலம் பக்கமிருந்து தனபாக்கியம் அக்கா வந்திருந்தார். மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், கூலி வேலை. ஈரம் சொட்டச் சொட்ட நான் படத்தோடு வெளியே வருவதற்குள் அவர் பல் தட்டில் கிடந்தது. வேர் அந்த அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது படத்தில் எனக்கே தெரிந்தது. டாக்டர் படத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"வெச்சிட்டுப் போய்யா. அடுத்த ஆள ஜல்தி வரச் சொல்லு."

பத்து நாளில் அக்கா புருஷனோடு வந்தார். "கூழு குடிச்சா மூக்கால வருதுங்க. புள்ளைங்க சிரிக்குதுங்க. செவுத்தப் பாத்துக் குந்திக்கினு குடிக்கிறேன்."

"பொகையில போட்டிருப்ப. அதான் ஆறல" என்றார் டாக்டர், அயோக்கியன். புகையிலையைத் தொட்டதே இல்லை என்று அக்கா சொல்லச் சொல்ல, டாக்டரே சொல்கிறார் என்று புருஷன் அங்கேயே திட்ட ஆரம்பித்தார்.

பிறகு ஒருநாள் அக்கா தனியாக என்னிடம் வந்தார். "அந்தப் படத்தக் குடு தம்பி. வேற டாக்டராண்ட காட்டணும். எம் மேல தப்பில்லன்னு ஊட்டுக்காரருக்குத் தெரியணும்."

படம் என் மேஜை டிராயரில்தான் இருந்தது. உள்ளேயிருந்து டாக்டர் கனைத்தார்.

"தொலஞ்சிடுச்சிக்கா" என்றேன்.

"பரவால்ல, நீ இன்னா பண்ணுவ" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளி பிரிப்பதற்காகப் பழைய ஃபிலிம் வாங்குகிறவர் அடுத்த மாதம் வந்தபோது, அவர் சாக்கில் அந்தப் படத்தை நானே போட்டேன். படத்தைக் கொடுத்தால் என் வேலை போய்விடுமாம்! பெரிய கலெக்டர் வேலை!

இந்த டாக்டரம்மா என் பல்லை எடுத்ததும், "மூக்கை மூடிக்கிட்டு லேசா ஊதுங்க சார்" என்றார். பல் இருந்த குழியில் காற்று வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. படத்தை என் போனுக்கே அனுப்பிவிட்டார்.

நேற்று திண்டிவனம் போனேன். கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கடை. இருட்டறை மூலையில் கலர் கலராகப் போன் கவர் தொங்குகிறது. டாக்டர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறதாம். மயிலம் பக்கம் விசாரித்ததில் அக்காவை யாருக்கும் தெரியவில்லை. நான் திட்டுவதற்கு இனி நானே ஒருவன்தான் மிச்சம்.