பேண்டேஜ் கட்டப்பட்டது

பேண்டேஜ் சுருளை நான் மேசைமேல் உருட்டிவிட்டேன். அது அவர் பக்கம் போய் நின்றது. வலது உள்ளங்கையிலிருந்து வழிந்த ரத்தத்தை இடது கையில் ஏந்தியபடி, தகடு அழுத்தும் பிரஸ்ஸின் ஆபரேட்டர் சுருளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

1991. ஒரகடம் சாலையில் அப்போது ஆலைகள் அதிகமில்லை. தகடு வளைக்கும் ஒரு சிறிய பட்டறையில் நான் வருகைப் பதிவு எழுதும் டைம்கீப்பர். முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்ததால் மருந்துப் பெட்டியும் என் பொறுப்பு. யாருக்கு அடிபட்டாலும் காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, நானே கட்டுப் போடுவேன். அவருக்கு மட்டும் போடவில்லை. பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து வருபவர் என்பது எனக்குத் தெரியும். காரணம் அது ஒன்றுதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை சார் என்பார், நான் அவரை வா, போ என்பேன்.

“ஒத்தக் கையில எப்டி சார் கட்றது?” என்றார்.

“சுத்திக்கோ, வரும்.”

ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றினார். இரண்டு முறை அவிழ்ந்து எண்ணெய்த் தரையில் விழுந்தது. எடுத்து உதறி மறுபடி சுற்றினார். நான் குனிந்து விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்: ‘பேண்டேஜ் கட்டப்பட்டது.’ அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்; வலது கையில் காயம் என்பதால் இடது பெருவிரல் ரேகை கேட்டேன். வைப்பதற்கு முன் படித்துப் பார்த்தார்.

“கட்டப்பட்டதுன்னு எழுதிகீறீங்களே, யாரு சார் கட்னது?”

குரலில் கோபமில்லை. நான் மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். ரேகை வைத்துவிட்டுப் போனார்.

பேண்டேஜ் என்பது காயத்தை மூடித் தாங்குவது என்றுதான் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். நான் அதை ஒரு துணிச்சுருளின் பெயராக்கிவிட்டிருந்தேன்.

புண் சீழ் வைத்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு மாதம் வைத்தியத்துக்கு அலைந்தார். ஆறியபோது இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பிரஸ்ஸிலிருந்து எடுத்து, கூட்டிப் பெருக்க விட்டார்கள். துடைப்பத்தோடு அவர் வரும்போதெல்லாம் எதையோ தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொள்வேன்.

மறுவருடம் வேலையை விட்டார். கடைசி நாள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். இரண்டடி தள்ளியே நின்று, “வர்றேன் சார்” என்றார். நான் எழுந்து கையை நீட்டினேன்.

“இருக்கட்டும் சார்.”

இப்போது குன்றத்தூரில் இருக்கிறேன். என் மகன் அதே சாலையில் ஒரு பெரிய ஆலைக்கு வேலைக்குப் போகிறான். அந்தக் காலத்துப் பட்டறைக் கதைகள் என்றால் அவனுக்குப் பிடிக்கும். எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை.