காலடி மண்

மேலூர்ப் பொன்னுத்தாயைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய பொறாமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள ஊர் அது. அங்கே யார் வீட்டில் ரேடியோ வாங்கினாலும், யார் பெண்ணுக்கு ரயில்வே மாப்பிள்ளை அமைந்தாலும் இவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அதெல்லாம் சில்லறைப் பொறாமை, வந்த வேகத்தில் போய்விடும். போகாத பொறாமை ஒன்றே ஒன்றுதான். பக்கத்துத் தோட்டத்து மட்டுவார்குழலியின் ரஸ்தாளி வாழை.

எழுபத்தேழாம் வருஷத்து வெள்ளம் வடிந்த பிறகு இருவரும் ஒரே மாதத்தில்தான் ரஸ்தாளி வைத்தார்கள். நடுவில் ஒரு வரப்புதான். ஐந்தாம் மாதம் பொன்னுத்தாயின் மரங்களில் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, பாவாடை கட்டியது போலத் தொங்கின. தண்டு அடியில் நீளவாக்கில் வெடித்தது. தார் தள்ளுமுன்பே முக்கால்வாசி மரம் போயிற்று.

விவசாய ஆபீசர் சகாயநாதன் வந்து ஒரு மரத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பாக வளையம் வளையமாக ஓடியிருந்தது.

"இது பூஞ்சாணம்மா. மண்ணுலயே கெடக்கும். வாழையே இல்லாட்டாலும் சாகாது, வருஷக்கணக்கா தூங்கும். ரஸ்தாளி வேர் பக்கத்துல வந்தா முழிச்சுக்கும். வேர் வழியா நுழைஞ்சு தண்ணி ஏறுற குழாயெல்லாம் அடைச்சுடும். ஈரத்துல நின்னுக்கிட்டே மரம் தாகத்துல செத்துப்போகும்."

"மருந்து அடிக்கலாங்களா?"

"இதுக்கு மருந்து கிடையாதும்மா. பூவன் போடுங்க, பூவன இது ஒண்ணும் பண்ணாது. ஆனா ஒண்ணு, இந்த மண்ணு ஒரு பிடி போனாலும் போதும். காலையும் மண்வெட்டியையும் கழுவாம அடுத்தவங்க தோட்டத்துல இறங்கிடாதீங்க."

"பக்கத்துல மட்டும் ஏன் வரல?"

"அவங்க கன்னு வாங்கின இடம் சுத்தமா இருந்திருக்கும்."

அட கடவுளே, அந்தப் பதில்தான் அவளுக்கு வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது. கன்று வாங்குவதில்கூட குழலி கெட்டிக்காரியா?

ஆபீசர் சொன்னதை மட்டும் அவள் மீறவில்லை. குழலியின் தோட்டத்தில் கால் வைக்கவில்லை. வரப்பிலேயே நின்று பார்ப்பாள். குழலியின் தார்கள் மாட்டுவண்டியில் ஏறிக் காந்தி மார்க்கெட்டுக்குப் போவதைத் தெருமுனை வரைக்கும் பார்ப்பாள். "என்னக்கா, சாப்பிட்டாச்சா?" என்று குழலி கேட்டால், "ஆச்சு" என்பாள். பொய். வயிறு எரிகிறபோது சோறு எங்கே இறங்கும்?

ஒருநாள் காற்றே இல்லாமல் குழலியின் தார்விட்ட மரம் ஒன்று நடுவில் முறிந்தது. அன்று பகலில் பொன்னுத்தாய் செத்த வாழைக்கட்டைகளைத் தோண்டிவிட்டு, சேற்றுக் காலோடு வரப்பில் நின்று முறிந்த மரத்தைக் கண்குளிரப் பார்த்தாள். திரும்பிப் பத்தடி நடந்தவள் ஏதோ தோன்றி எட்டிப் பார்த்தாள். அவள் நின்ற இடத்தில் குழலி குனிந்து காலடி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள்.

திருஷ்டி கழிக்கிறாள்! மிளகாய், உப்பு, காலடி மண். வீடாயிருந்தால் சுற்றி அடுப்பில் போட்டிருப்பாள், எல்லாம் வெந்து போயிருக்கும். தோட்டத்துக்கு ஏது அடுப்பு? நாலு துணி முடிச்சாகக் கட்டி, தோட்டத்தைச் சுற்றிவந்து, நாலு மூலை மரத்தடியிலும் புதைத்தாள்.

ஒரு வார்த்தை போதும். 'அடியே, அந்த மண்ணு வேணாம்டி.' வாய் வரைக்கும் வந்தது. என் காலடி மண்ணையா அள்ளினாய், அவ்வளவு கெட்டவளா நான் என்ற ஆத்திரம் அதை அடைத்தது. புதை, நன்றாகப் புதை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்கடுத்த நாளும் நினைத்தாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

புதைத்த ஆறாம் மாதம் நாலு மூலையும் மஞ்சளாயிற்று. அடுத்த வருஷம் பாய்ச்சிய தண்ணீரோடு தோட்டம் முழுக்கப் பரவியது. பொன்னுத்தாயின் கண்தான் என்று ஊரே சொன்னது. குழலி நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். பொன்னுத்தாய் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆபீசர் மறுபடி வந்துபோன மறுநாள், குழலி ஒரு சீப்பு ரஸ்தாளியோடு பொன்னுத்தாய் வீட்டுக்கு வந்தாள்.

"மன்னிச்சுக்குங்கக்கா. உங்க கண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். கண்ணும் இல்ல கிண்ணும் இல்ல, பூஞ்சாணமாம். வெள்ளத்துல வந்திருக்கும்னு சொல்றாரு. கடைசித் தார்ல வெட்டினதுக்கா இது. பிள்ளைங்களுக்குக் குடுங்க."

வாங்கிக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். பொன்னுத்தாயின் கை நீளவில்லை.

"வெள்ளத்துல வரல குழலி. நீ அள்ளிட்டுப் போனியே, அந்த மண்ணுலதான் வந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். நீ புதைச்சத பாத்துக்கிட்டே நின்னேன்."

குழலி திட்டவில்லை. சீப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு தோட்டத்திலும் பூவன்தான். இருவர் தாரும் ஒரே வண்டியில் மார்க்கெட்டுக்குப் போனது, பேச்சு மட்டும் இல்லை. காலைக் கழுவாமல் பொன்னுத்தாய் வரப்பேறுவதும் இல்லை. ரேடியோவும் மாப்பிள்ளையும் இப்போது அவளை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அறுப்புக்கு வருகிற யாரோ ஒருத்தியிடம் குழலி, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது வரப்புக்கு இந்தப் பக்கம் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.