ரகுநாதனின் எச்சில் வைத்தியம்

ரகுநாதனுக்கு உலகத்தில் ஆகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான், எச்சில். பஸ் கண்டக்டர் நாக்கில் விரலைத் தொட்டு டிக்கெட் கிழித்தால் போதும், அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி, வீடு இருக்கும் மாரெட்பள்ளி வரை நடந்து வந்துவிடுவார். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் பதினைந்து வருஷமாக சூப்பர்வைசர். அங்கே ஒரு தபால் தலையைக்கூட யாரும் நக்கி ஒட்டியதில்லை. அவர் விட்டால்தானே.

அப்பேர்ப்பட்டவரின் நாலு வயது மகள் கிரிஜாவின் முன்பல் இரண்டில், 1974இல், சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளைத் திட்டு விழுந்தது. டிஸ்பென்சரியில் பல் டாக்டரம்மா தெலுங்கும் இந்தியும் கலந்து, சின்னக் குழந்தைகளின் சொத்தைப் பல்லில் எச்சிலுக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஆரம்பித்தார். ரகுநாதனுக்கு அதற்கு மேல் காதில் ஏறவில்லை. இத்தனை நாள் தான் சொன்னதை ஒரு டாக்டரே ஒப்புக்கொண்டுவிட்டாரே! ஒரு மாசம் கழித்து வரச் சொன்னதை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் கிரிஜா வாயில் ஊறியதைத் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை சும்மா துப்புமா? ஒரு துப்பலுக்கு ஒரு கற்கண்டு. குழந்தைக்கு நாக்கே வறண்டுபோகிறது, இது என்ன கூத்து என்று மனைவி கல்பகம் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் சொன்னது என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

மறு மாதம் பார்த்தால் திட்டு பழுப்பாகி, ஒரு பல்லில் குழியே விழுந்திருந்தது. ரகுநாதன் தன் வைத்தியத்தைப் பெருமையோடு விவரித்தார். டாக்டரம்மா இந்த முறை அவரை எழுந்திருக்க விடவில்லை. இனிப்பைக் கழுவுவதும், பல்லை அரிக்கும் புளிப்பை முறிப்பதும், ஆரம்பத் திட்டைச் சரிசெய்யப் பார்ப்பதும் அந்த எச்சில்தான் என்றார். காவல்காரனைத் துரத்திவிட்டுத் திருடனுக்குக் கற்கண்டும் கொடுத்திருக்கிறீர்கள், ஒரு பல் போனதுதான், கற்கண்டை நிறுத்தினால் மற்றதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

தன் கையாலேயே குழந்தையின் பல்லைக் கெடுத்தோமே என்று ரகுநாதனுக்கு மனசு அடித்துக்கொண்டது. வெளியே வராந்தாவில் கிரிஜா வழக்கம்போலத் துப்பிவிட்டுக் கையை நீட்டினாள்.

"துப்பாதே கண்ணா. முழுங்கு."

"நக்கோ, மாட்டேன். எச்சில் சீச்சீன்னு நீதானே சொன்னே?"

ரகுநாதன் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "நல்லதும்மா அது. அப்பாதான் தப்பாச் சொல்லிட்டேன்."

கிரிஜா நம்பவில்லை. முதலில் நீ முழுங்கிக் காட்டு என்றாள். அவர் வாயில் ஊறியதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். திறந்து காட்டினார்.