துணி போத்தின போர்டு

எங்கூரு பள்ளிக்கூடத்துல தொட்டா படம் வர்ற பெரிய போர்டு மாட்டினப்ப, கணக்கு சாருதான் அதுக்குப் பொறுப்பு. ஒல்லியான ஆளு, சட்டப் பையில எப்பவும் ஒரு மஞ்சத் துணி இருக்கும். தெனமும் காலையில போர்டத் தொடச்சி, போர்வ போத்தி வெப்பாரு. எங்கப்பாரு உழவு மாட்டக்கூட அப்படித் தொடச்சதில்ல.

"தெனமும் இதுலதாங்க பாடம்"னாரு. கைநாட்டு நானு, நம்பிட்டேன். வூடு வூடாப் போயிச் சொல்லி, நல்லம்பள்ளி இங்கிலீசு பள்ளிக்கூட வேனுல ஏத்த இருந்த புள்ளைங்கள இங்கயே சேக்க வெச்சேன்.

வருசக் கடைசியில பேத்தி சொல்றா: "தாத்தா, ஆபீசரு வந்த அன்னிக்கு மட்டுந்தான் அதுல படம் வந்துச்சு."

நேராப் போயிக் கேட்டேன். "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"தெனமும் போட்டா ரிப்பேராயிடுமுங்க பெரியவரே. ரிப்பேரானா நாந்தான ஆபீசருக்குப் பதில் எழுதணும்?"

"புள்ளைங்களுக்குப் படிப்பு வர்லன்னா?"

"அதுக்கு யாரும் எழுதச் சொல்லிக் கேக்கறதில்லீங்களே."

தலயக் குனிஞ்சிகிட்டு மெதுவாத்தான் சொன்னாரு. திருடனா இருந்தா நாலு வார்த்த திட்டிட்டு வந்திருப்பேன். பயந்த மனுசன, என்னான்னு திட்டறது? என் பேச்ச நம்பி வேன நிறுத்தின தாய்மாருங்க எதுக்க வந்தா, நாந்தான் வழிய மாத்திகிட்டுப் போறேன்.