லேபிள் படிக்காத ஊசி

ஊசி போடுவதற்கு முன் அக்கா மருந்துக் குப்பியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் வாய்விட்டுப் படிப்பார். அதோடு விடமாட்டார். பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் குப்பியை நீட்டி, "நீயும் படி" என்பார். "எனக்கு என்ன தெரியும் நர்சம்மா" என்று அவள் நெளிந்தால் அதட்டல் விழும். "படிக்கத் தெரியாட்டி வாயத் தொறந்து கேளு. ஒம் பிள்ளை ஒடம்புக்குள்ள போற சாமான், கேக்காம விடலாமாடி?" மீமிசல் பக்கத்துக் கடலோர ஊர்களில் முப்பது வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். ஊருக்கெல்லாம் நர்சம்மா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அக்கா.

பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் நடந்தே அவருக்கு முழங்கால் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, செயற்கை மூட்டு வைத்துவிடலாம், காப்பீட்டு அட்டையிலேயே செய்து தருகிறோம் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். அக்காவுக்குக் கத்தி என்றால் நடுக்கம். "ஊருக்கே ஊசி குத்திட்டு, ஒங்களுக்கு வந்தா பயமாக்கும்" என்று நான் கேலி பேசினேன். கேலி பேசிய நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்லியிருக்கலாம். என் மேலேயே எனக்கு அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாக வந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஸ்டெம் செல் ஊசி ஒன்று போதும், தேய்ந்த மூட்டு தானாக வளரும் என்று கூவியது. தானாக வளருமாம்! முருங்கைக் கொம்பா, ஒடித்து நட்டதும் துளிர்க்க? இடுப்பெலும்பில் ஊசி விட்டு மஜ்ஜையை உறிஞ்சி, மிஷினில் சுற்றி, பிரிந்து வருவதை முழங்காலில் ஏற்றுவார்கள். இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற சங்கதி. முறையாக ஆராய்கிறவர்கள் கெடுதல் என்ன வரலாம் என்பதை எழுதிக் காட்டி, புரிந்ததா என்று கேட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்கள். தேய்ந்துபோன குருத்தெலும்பை இது பழையபடி ஆக்கிவிடும் என்று இன்றைக்கு யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆட்டோவில் வைத்துக் கூவி விற்க இது என்ன உப்பா, புளியா?

மகள் பிரசவத்துக்காக நான் கோயம்புத்தூர் போயிருந்த மாதத்தில் அக்கா அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அஞ்சாம் நாள் முழங்கால் பூசணிக்காயாக வீங்கி, குளிர்க் காய்ச்சலும் வந்தது. உள்ளே சீழ். எந்தக் கத்திக்குப் பயந்தாரோ அதே கத்தியால் பெரியாஸ்பத்திரியில் மூட்டைத் திறந்து கழுவினார்கள். உயிர் தப்பியது, ஆனால் கால் மடங்கவில்லை. செயற்கை மூட்டு பற்றிக் கேட்டால், "கிருமி முழுசாப் போகட்டும்மா, அப்பறம் பார்ப்போம்" என்றுவிட்டார்கள்.

நான் திரும்பி வந்து கேட்டேன். "என்ன மருந்து, எங்க தயாரிச்சதுன்னு கேட்டீங்களாக்கா? லேபிளைப் படிச்சீங்களா?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எப்புடிடி கேக்குறது? ஊசி போட்டவன் நான் சொட்டு மருந்து ஊத்துன பிள்ளை. கால்ல விழுந்து கும்பிட்டான். நீங்க ஊசி போட்டு வளந்த ஒடம்பும்மா இதுன்னான். அவங்கிட்டப் போயி லேபிளக் காட்டுடான்னு கேப்பேனா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கும்பிட்டானாம்! கும்பிட்ட கையால்தானே குத்தினான், படுபாவி! அன்றைக்கே மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு ஒரு புகார் மனு எழுதி, கையெழுத்துக்காக அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா தொடவில்லை. "வேணாம் விடு. எங் கையில வளந்த பிள்ளை" என்று கண்ணை மூடிக்கொண்டார். நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன். ஆனால் மனுவைக் கிழிக்காமல் என் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து என் ஜன்னலுக்கு ஒரு பெண் வலி மாத்திரை கேட்டு நொண்டிக்கொண்டு வந்தாள். மீன் காயப்போடுகிறவள். "நர்சம்மா போட்டுக்கிட்டாங்களே, அதே ஊசிதாங்க. அவுங்களே இங்கதான் போட்டாங்கன்னு அந்த ஊசிக்காரவுக நர்சம்மா போட்டோவக் காட்டுனாக. எங்க தெருவுல நெறையப் பேரு போனோம்" என்றாள். அன்று சாயங்காலமே அக்காவிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். மறுநாள் காலையில் அவர் ஆட்டோ பிடித்து, மடங்காத காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார்.

வீடு வீடாக ஏறினார். யாரையும் உட்காரக்கூட விடாமல் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கித் தையல் தழும்பைக் காட்டினார். கணுக்கால் தெரிந்தாலே இழுத்து விட்டுக்கொள்கிற மனுஷி அவர். கடைசி வீட்டில் ஒருத்தி மறுநாள் ஊசிக்குப் போகப் பை எடுத்து வைத்திருந்தாள். "என்ன ஊசின்னு கேட்டியாடி?" என்று அக்கா சத்தம் போட்டார். அவள் மிரண்டுபோய்ச் சொன்னாள். "நீங்களே போட்டுருக்கீங்க நர்சம்மா. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்குறது?"

தழும்பைக் காட்டத் தூக்கிய சேலையைக் கீழே விடக்கூடத் தோன்றவில்லை அக்காவுக்கு. நான்தான் குனிந்து இறக்கிவிட்டேன். அந்தப் பெண் பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

ஆட்டோவில் ஏறியதும், "அந்த மனு இருக்கா?" என்றார். கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, தன்னைப் பார்த்து ஊசி போட்டுக்கொண்ட பெண்களின் பெயர்களை எழுதினார். ஒன்பது பெயர். அதற்குக் கீழேயும் பத்து, பதினொன்று என்று தாளின் அடிவரை வெறும் எண்களாகப் போட்டுக்கொண்டே போனார்.

"இதெல்லாம் எதுக்குக்கா?" என்றேன்.

"மத்த ஊருக்கு இன்னும் போகலையேடி" என்றார்.